எந்த லாக்கு அம்மிணி?

(கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னாடி ஒரு பொண்ணு, ஸ்டூல்ல மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆன பெரியவர்.)

பெரியவர்: அம்மிணி, பென்ஷன் ஸ்லிப்பு ஒண்ணு எடுத்துக் குடு சாமி, பேங்க்ல கேக்கறாங்க.

பொண்ணு: எடுத்தறலாங்கய்யா. முன்னாடி வந்தவரு அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு, மொதல்ல அத லாக் அவுட் பண்ணிக்கறனுங்.

பெரியவர்: ஏ அம்மிணி, காலங்காத்தால அந்த வார்த்தைய சொல்லாத! மில்லு கேட்டுல லாக் அவுட்னு நோட்டீஸ் ஒட்டுனான்னா எத்தன மாசம் வூட்ல அடுப்பு எரியாதுன்னு உனக்கென்ன தெரியும். கடை நல்லாத்தான ஓடுது, எதுக்கு மூடற?

பொண்ணு: மூடலீங்கய்யா, அது வேற லாக்கு இது வேற லாக்கு. உங்க மில்லு லாக்கு பூட்டு. இது கட்டை.

பெரியவர்: என்ன கட்டை?

பொண்ணு: மரக்கட்டைங். நெசமாத்தான் சொல்றேன், பி.ஏ. இங்கிலீஷ் படிச்சதுல இது ஒண்ணுதான் உருப்படியா மண்டையில நின்னுச்சு.

பெரியவர்: விறகுக்கட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

பொண்ணு: சைட்டு சுத்தீட்டிருக்குதுங், அதுக்குள்ள சொல்லீர்றேன். பாய்மரக் கப்பல் காலத்துல வேகம் பாக்க மீட்டரா இருந்துச்சு? தோசைய நாலா மடிச்சா வருமே அந்த மாதிரி ஒரு பலகை, வளைஞ்ச பக்கம் ஈயம் வெச்சிருப்பாங்க தண்ணியில நட்டமா நிக்கறதுக்கு, அதக் கயித்துல கட்டி கப்பலுக்குப் பின்னாடி போட்டா அது அங்கயே நின்னுக்கும், கப்பல் போயிட்டே இருக்கும், ராட்டுல இருந்து கயிறு உருவீட்டே வரும். கயித்துல 47 அடி 3 இன்ச்சுக்கு ஒரு முடிச்சு. இன்னொருத்தர் மணல் கடிகாரத்தக் கவுத்துப் புடிச்சுட்டு நிப்பாரு, 28 செகண்டு. அதுக்குள்ள எத்தன முடிச்சு கையில நழுவுச்சோ அதுதான் வேகம். கப்பல் வேகத்த இன்னிக்கும் நாட்னு சொல்றாங்கல்ல, நாட்டுன்னா முடிச்சு. கயித்துல கட்டை கட்டிப் போட்டு வேகம் பாக்கறத 1574லயே இங்கிலாந்துல ஒருத்தரு புக்குல எழுதி வெச்சுட்டாருங், முடிச்சுக் கணக்கெல்லாம் அப்பறம் வந்தது.

பெரியவர்: அட, இது நம்ம சமாச்சாரம்டா! நாங்க 120 கெஜம் நூலச் சுத்தி எடை போட்டு இது 40ஆம் நம்பரா 60ஆம் நம்பரான்னு சொல்லீருவோம். அவன் கயித்த உட்டு வேகத்த அளந்திருக்கான். மில்லுக்காரன் எவனோ கப்பலேறிப் போயிருப்பான்.

பொண்ணு: மில்லே அப்ப கெடையாதுங்கய்யா.

பெரியவர்: செரி செரி, சொல்லு.

பொண்ணு: அந்தக் கட்டை சொன்ன வேகத்த எழுதி வெச்ச நோட்டு லாக் புக்கு. அப்பறம் காத்து, தெசை, எல்லாமே அதுல ஏறுச்சு. கடைசில எத எழுதி வெச்சாலும் லாக் பண்றதுன்னு ஆயிருச்சு. 1961ல அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல ஒரே கம்ப்யூட்டர பல பேரு ஒரே நேரத்துல ஓட்டற மாதிரி பண்ணுனாங்க, அப்ப யாரு வந்தா எவ்வளவு நேரம் இருந்தான்னு கணக்கு வேணுமில்லீங்களா, வந்தா லாக் இன் போனா லாக் அவுட்.

பெரியவர்: மஸ்டர்ல பேரு ஏத்தறதுன்னு சொல்லு, முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு கடலுக்கெல்லாம் கூட்டிட்டுப் போன?

பொண்ணு: இங்கிலீஷ்ல இன்னொரு கூத்து இருக்குதுங். லாகின்னு சேத்து எழுதுனா அது பேரு, உங்க ஐடி மாதிரி. லாக், இன்னு பிரிச்சு எழுதுனா உள்ள போற வேலை. பெரிய பெரிய கம்பெனிக்காரங்களே பட்டன்ல மாத்திப் போட்டிருப்பாங்க.

பெரியவர்: நமக்கு அந்தத் தொல்லையே இல்ல, எதுனாலும் பின்னாடி ஒரு பண்ணு. ஆமா, போலீஸ் ஸ்டேசன் லாக்கப்பு எந்த லாக்கு?

பொண்ணு: அதும் பூட்டுதானுங்.

பெரியவர்: இல்லம்மிணி, அங்க ரெண்டும் இருக்கும்.

பொண்ணு: (சிரிச்சுட்டே) சைட்டு வந்துருச்சுங். பாஸ்வேர்டு சொல்லுங், மெதுவா.

பெரியவர்: (கடைக்கே கேக்கற மாதிரி) பேத்தி பேரு, அப்பறம் அவ பொறந்த வருசம்!

பொண்ணு: தப்புன்னு வருதுங்கய்யா.

பெரியவர்: அப்ப பேரன் பேரு போடு.

பொண்ணு: அதுமில்லீங்.

பெரியவர்: மாட்டோட பேரு போட்டுப் பாரு. அது எம்பட சொந்த ரோசனை.

பொண்ணு: ...போச்சுங். மூணு தடவ தப்பாயிருச்சு, லாக் ஆயிருச்சு.

பெரியவர்: எந்த லாக்கு அம்மிணி, கட்டையா பூட்டா?

பொண்ணு: பூட்டுங்கய்யா. நாளைக்கு இதே நேரத்துக்குத்தான் தெறக்கும்னு போட்டிருக்குது.

பெரியவர்: பாத்தியா, கடைசில கதவடைப்புலதான் வந்து நிக்குது. அந்த நோட்டீஸையாவது ஒரு பிரிண்டு போட்டுக் குடு சாமி, பேங்க்ல காட்டிக்கறேன்.