பிள்ளை பார்க்கிற பெண்களுக்கு வழி சொல்ல ஒரு ஆள் வேண்டும்

நம் குமரி மாவட்டத்தில் குழந்தைக் காப்பகம் நடத்துகிற பெண்களிடம் கேள்வி கேட்க நாலு துறை இருக்கிறது. வழி சொல்ல ஒருவரும் இல்லை. தக்கலை பக்கம் இ-சேவை மையம் வைத்திருப்பதால் இந்தப் பெண்கள் விண்ணப்பமும் கையுமாக வந்து நிற்பது என் மேசை முன்னால்தான். நேரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். படித்த பெண்கள் வேலைக்குப் போகத்தான் செய்வார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, தனியார் பள்ளி என்று எங்கே பார்த்தாலும் பெண்கள்தான். படிக்க முடியாமல் போனவர்களுக்கு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். பிள்ளையைப் பார்க்க முன்பு பாட்டி இருந்தார். இப்போது பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறார், இல்லையென்றால் வெளியூரில் இருக்கும் மகன் வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டார்.

சட்டப்படி சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. தமிழக அரசு ஊழியர் என்றால் ஓராண்டு. அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்தால்தான் பிள்ளையை உட்கார வைப்பார்கள், அதுவும் பிற்பகலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? இரவு எட்டரைக்குக் கடை சாத்துகிற வரை நிற்கும் பெண்ணின் பிள்ளையை மாலையில் யார் பார்ப்பது? இந்த இடைவெளியைத்தான் பக்கத்துத் தெருவில் காப்பகம் வைத்திருக்கும் ஒரு அக்கா நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அப்படி ஒரு இடத்துக்குக் காலையில் போய்ப் பாருங்கள். பழைய ஓட்டு வீட்டின் முன்னறைதான் காப்பகம். எந்தத் தம்ளர் எந்தப் பிள்ளைக்கு என்று தெரிய ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டியிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் மட்டிப் பழம் பிசைந்து வைத்திருக்கிறது. ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லாமல் ஒரு தாய், "டீச்சரே, ராத்திரி லேசா காய்ச்சல் அடிச்சுது, மருந்து பையில இருக்கு, பன்னெண்டு மணிக்கு ஒருக்கா குடுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அந்த அக்கா உடனே சுவரில் தொங்கும் நோட்டில் அதை எழுதுகிறார். எழுதச் சொல்லி அவருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

இவர் முறையாக உரிமம் வாங்க நினைத்தால் எங்கே போக வேண்டும்? விளையாட்டுப் பள்ளி (பிளே ஸ்கூல்) என்றால் பள்ளிக் கல்வித் துறை, அதற்கு 2015-இல் மாநில அரசு கொண்டுவந்த விதித்தொகுப்பு இருக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது, ஆனால் அது மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. ஆலைக்குள் இருக்கும் காப்பகம் தொழிற்சாலை ஆய்வாளரின் பொறுப்பு. அரசு உதவி பெறும் காப்பகம் என்றால் அது வேறு துறை. சொந்தமாக ஒன்பது மாதக் குழந்தையைப் பார்க்கிற பெண் இதில் யாரிடம் போவார்? ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறது.

சரி, விளையாட்டுப் பள்ளியாகவே விண்ணப்பிக்கலாம் என்று துணிந்தால், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, அப்புறம் வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம். சில சான்றுகளைக் காலம் முடிந்ததும் மறுபடி புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது சான்று கைக்கு வருவதற்குள் முதல் சான்றின் காலம் முடிந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வரி ரசீது இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும், வாடகை ஒப்பந்தத்தில் வேறு பெயர் இருக்கும். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தை வாங்கிக்கொண்டு வந்தால் ஸ்கேன் செய்த கோப்பின் அளவு கூடிவிட்டது என்று இணையதளம் திருப்பி அனுப்பும். இதற்கெல்லாம் ஓர் அக்கா காப்பகத்தை மூடிவிட்டுத்தான் வர வேண்டும். அவர் மூடினால் அன்றைக்குப் பல தாய்மார்களுக்கு வேலை போச்சு.

விதியைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனதை இந்த மாநிலத்தில் யாரும் மறக்கக் கூடாது. கூரை எதனால் போட்டது, வெளியே வர இரண்டாவது வாசல் இருக்கிறதா, அடுப்பு எங்கே இருக்கிறது என்று கட்டாயம் கேட்கத்தான் வேண்டும். நல்ல மனசு மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. ஆனால் இரண்டாவது வாசல் வைக்க என்ன செலவாகும், அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்பதையும் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். வழியே சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால், பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படி இருக்கும் இடத்துக்கு எந்த அதிகாரியும் போக மாட்டார். பிள்ளைக்கு அதைவிட ஆபத்து என்ன இருக்கிறது?

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் பால்னா என்றொரு காப்பகத் திட்டம் இருக்கிறது, பழைய தேசியக் காப்பகத் திட்டத்தைத்தான் 2022-இல் அப்படி மாற்றினார்கள். ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். நல்ல திட்டம்தான், அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் நம் மாவட்டத்துக்கு நிறைய வர வேண்டும். ஆனால் ஏற்கெனவே சொந்தமாக நடத்துகிறவருக்கு அது கைக்கு எட்டாது. அவருக்கு இருப்பது சிறு தொழிலுக்கான முத்ரா கடன். சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். இரண்டாவது வாசலுக்கும் கம்பி வேலிக்கும் அது போதும். ஆனால் வங்கி உரிமத்தைக் கேட்கிறது, உரிமம் வேண்டுமென்றால் வாசல் முடிந்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கக் கூட நின்று பேச ஓர் ஆள் இருந்தால் போதும், புதிய திட்டம்கூட வேண்டாம்.

பயிற்சி என்றால் நம்மூரில் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பிள்ளை பார்க்கப் பயிற்சியா, நாங்க வளர்க்கலியா?" என்று கேட்கிறார்கள். தன் பிள்ளை ஒன்றை வளர்ப்பதும் அடுத்தவர் பிள்ளைகள் பத்துப் பேரை ஒரே அறையில் பார்ப்பதும் ஒன்றல்ல. தொண்டையில் கடலை சிக்கினால் என்ன செய்வது, காய்ச்சலில் வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது, கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் உறங்க விட வேண்டும் என்பது, உடம்பில் காயம் கண்டால் யாரிடம் சொல்வது, இவையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. கற்றுக்கொள்ள அவர்களும் தயார்தான். ஆனால் பயிற்சியை வேலை நாளில், தூரத்து ஊரில் வைத்தால் எப்படிப் போவார்கள்? ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வையுங்கள், ஒருவரும் வராமல் இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி ஆள்தான். உதவிக்கு வரும் பெண் மூணு மாதம் நிற்பாள், பிள்ளைகளும் அவளோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஜவுளிக்கடையில் கூடுதலாகக் கிடைக்கிறது என்று போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாள் முழுக்க இடுப்பில் பிள்ளையைச் சுமந்து, மலம் கழுவி, கடைசியில் சேலை மடிக்கிற வேலையைவிடக் குறைந்த சம்பளம் என்றால் யார்தான் இருப்பார்கள்? ஆனால் சம்பளத்தைக் கூட்ட வேண்டுமென்றால் கட்டணத்தைக் கூட்ட வேண்டும். அண்டி ஆபீஸில் முந்திரித் தோடு உடைக்கிற தாயிடம் அதை எந்த வாயால் கேட்பது?

இங்கேதான் முதலாளிகள் வர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டம், தனியாகவோ பொது வசதியாகச் சேர்ந்தோ அந்தக் காப்பகத்தை வைக்கலாம் என்றும் சொல்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. மார்த்தாண்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் பெரிய கடைகள் நான்கு சேர்ந்து, பக்கத்தில் ஏற்கெனவே நடக்கும் ஒரு காப்பகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினால் என்ன? தாய் நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வரலாம், காப்பகத்துக்கு நிலையான வருமானம் வரும், உதவிக்கு நிற்கும் பெண்ணுக்கு மரியாதையான சம்பளம் கொடுக்க முடியும்.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு மாநில அரசு ஒற்றைச் சாளர முறை வைத்திருக்கிறது. மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. ஒரு மாவு மில்லுக்குக் கிடைக்கிற வழிகாட்டல் பச்சைக் குழந்தையைப் பார்க்கிறவருக்கும் கிடைக்க வேண்டாமா? அமெரிக்காவில் இதற்கென்றே உள்ளூர் உதவி மையங்கள் இருக்கின்றன. உரிமம், நிதி, பயிற்சி, ஆள் தேடல் என்று காப்பகம் நடத்துகிறவருக்குக் கூடவே நிற்பது அவர்கள் வேலை. நமக்கு அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை, அதில் இந்தத் துறைகள் எல்லாவற்றின் படிவங்களும் தெரிந்த ஒருவர், அவருக்கு ஒரு போன் எண். எந்தச் சான்றை முதலில் வாங்குவது, எது எப்போது முடிகிறது என்று அவர் சொல்லட்டும். காப்பகத்துக்கே வந்து இங்கே வேலி போடுங்கள், அந்த ஜன்னலை மாற்றுங்கள் என்று காட்டட்டும். ஆனால் அபராதம் போடும் அதிகாரம் அவரிடம் இருக்கவே கூடாது. இருந்தால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பயிற்சி பெற்ற பெண்களின் பட்டியல் ஒன்றும் அவர் கையில் இருக்கட்டும். உதவிக்கு நிற்கும் பெண் திடீரென்று வராத நாளில் அந்தப் பட்டியலிலிருந்து ஒருவர் போய் நிற்கலாம்.

இதைத்தான் ஒரு மனுவாக எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை காப்பகம் நடத்துகிற அக்காமார், தங்கைமார் யாராக இருந்தாலும், எந்தச் சான்றில், எந்த மேசையில் உங்கள் விண்ணப்பம் நிற்கிறது என்று உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன். பிள்ளையைக் காப்பகத்தில் விடுகிற தாய்மாரும் கையெழுத்துப் போடலாம். கடை நேரம் முடிந்து வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது மணி வரை மையத்தைத் திறந்து வைத்திருப்பேன்.