விழாத பல்லி

போன மாதம் அத்தை வீட்டில் கறிவேப்பிலைச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வேர்மண்ணுக்குள்ளிருந்து கருகருவென்று, ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒன்று நெளிந்தது. "ஐயோ, செவிப்பாம்பு! காதுக்குள்ள பூந்துரும்டா" என்று அத்தை உப்பு ஜாடியோடு ஓடிவந்தார். நான் தடுப்பதற்குள் ஒரு கை அள்ளிக் கொட்டியாகிவிட்டது. எறும்பு முட்டையும் கரையான் முட்டையும் தின்று பிழைக்கிற புழுப்பாம்பு அது. நம் காதில் அதற்கு என்ன வேலை?

அந்த வருத்தத்தில் இரவு உட்கார்ந்து படித்துக்கொண்டே போனதில்தான் டிபாமஸ் வந்து மாட்டியது. பார்த்தால் அச்சு அசல் புழுப்பாம்பு. ஆனால் பல்லி இனம். கண்ணின் மேல் செதில் மூடியிருக்கிறது, காதுத் துளை கிடையாது, முன்னங்கால் சுத்தமாக இல்லை. ஆணுக்கு மட்டும் வால் தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன மடல்கள். பின்னங்காலில் மிச்சம் அவ்வளவுதான். 1839இல் பிரெஞ்சுக்காரர்கள் டுமேரிலும் பிப்ரோனும் வைத்த பெயருக்குக் கிரேக்கத்தில் 'இருகாலி' என்று பொருளாம். நடக்கவே நடக்காத பிராணிக்கு!

ஒரு சாணுக்குள் அடங்கும் உடம்பு. ஈரமான காட்டு மண், மட்கிய மரக்கட்டை, இலைச் சருகு, இவற்றுக்கு அடியில்தான் வாழ்க்கை. ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் கெட்டி ஓட்டோடு. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து நியூகினி வரை இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நெருங்கிய சொந்தம் என்று சொல்ல ஒரே ஒரு பேரினம், அது கடல் தாண்டி மெக்சிகோவில். இதைப் பல்லிக் குடும்பத்தில் எங்கே வைப்பது என்று விஞ்ஞானிகள் ரொம்ப நாள் முட்டிமோதினார்கள். மரபணு ஆய்வுகள் பலவும், பல்லி பாம்பு மொத்த வம்சத்திலும் முதன்முதலில் பிரிந்துபோன கிளைகளில் ஒன்று என்கின்றன.

இதில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது, நிக்கோபாரில். ஆஸ்திரியாவின் நொவாரா கப்பல் 1858இல் நம் சென்னையில் நங்கூரம் போட்டுவிட்டு அப்படியே நிக்கோபார் போனது. அந்தப் பயணத்தின் ஊர்வன சேகரிப்பை வைத்து ஸ்டைண்டாக்னர் என்ற விலங்கியலாளர் 1867இல் விவரித்ததுதான் நிக்கோபார் டிபாமஸ். உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது.

இப்போது பெரிய நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் வரப்போகின்றன. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். கடலாமைக்காகக் குரல் கேட்கிறது, மெகபோட் பறவைக்காகவும் கேட்கிறது. கேட்கட்டும், நல்லதுதான். என் சண்டை வேறு. ஒரு காட்டில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறவர் கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார். கட்டையைப் புரட்டி, சருகை விலக்கி, மண்ணைக் கிளறினால் ஒழிய இந்தப் பிராணி தென்படாது. 'காணப்படவில்லை' என்ற வார்த்தை கோப்பில் ஏறி, நாலு மேசை தாண்டுவதற்குள் 'இல்லை' என்று ஆகிவிடும். வெட்டுகிற காட்டுக்கு ஈடாக அரியானாவில் மரம் நடுவார்களாம். மரமாவது நட்டு வைக்கலாம், சரி. நூற்றாண்டுக் கணக்கில் மட்கிய மண்ணை எந்த லாரியில் ஏற்றுவார்கள்?

ஹாங்காங்கில் ஹெய் லிங் சாவ் என்ற குட்டித் தீவில் கிடைத்த டிபாமஸுக்கு 1992இல் அங்கே உயிரியல் பாடம் நடத்திய பாதிரியார் போகடெக்கின் பெயரை வைத்தார்கள். பெயர் இருந்தால் வக்காலத்து வாங்க ஒருவராவது வருவார். நம்முடையதற்குத் தமிழில் நாலு பேர் சொல்கிற பெயர்கூட இல்லை.

மறுநாள் காலையில் அத்தையிடம் படத்தைக் காட்டி, "இது பாம்பு இல்ல அத்தை, பல்லி" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பல்லின்னா, தலையில விழுந்தா என்ன பலன்?"

"இது எங்கேயும் ஏறாது அத்தை. எப்படி விழும்?"

"கத்துமா?"

"அப்படி யாரும் எழுதலை."

"அப்போ பஞ்சாங்கத்துல வராது" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்பு ஜாடியைக் கழுவப் போய்விட்டார்.