18 அங்குலப் பாரம்பரியம்

(நகரின் மையத்தில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பழைய திரையரங்கு. மறுசீரமைப்புக் குழுவின் பொருளாளர் சரசுவதி கணக்குப் புத்தகத்துடன் உள்ளே வருகிறார். குழு உறுப்பினர் குமரேசன் ஒரு நாற்காலிக்கு அடியில் தலையை நுழைத்திருக்கிறார்.)

சரசுவதி: ஐயா, அங்கே அப்படி என்ன புதையலைக் கண்டீர்கள்?

குமரேசன்: சூயிங்கம், அம்மா. கல்லாக இறுகியிருக்கிறது. ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் முறையாகச் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும் என்று பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்வதால், இதைச் சுரண்டலாமா, கூடாதா என்று யோசிக்கிறேன்.

சரசுவதி: மென்றதைத் துப்பாமல் நாற்காலியில் ஒட்டியது எந்த முறையில் சேரும்? சுரண்டி எறியுங்கள். நான் வேறொரு தலைவலியோடு வந்திருக்கிறேன். பழைய நாற்காலியின் அகலம் 18 அங்குலம். இக்காலத்து உடம்புக்கு அது போதாது என்று 21 அங்குல நாற்காலி போடக் குழு தீர்மானித்துவிட்டது. சுவர் நமக்காக நகராது என்பதால், வரிசைக்கு 21 நாற்காலி இருந்த இடத்தில் இனி 18 மட்டுமே அடங்கும்.

குமரேசன்: மொத்தம் 20 வரிசை. 420 என்பது 360 ஆகும். அறுபதுதானே குறைகிறது?

சரசுவதி: நன்கொடையாளரின் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து, ஆளுக்கொரு நாற்காலியின் கைப்பிடியில் பதிப்போம் என்று வாக்களித்து 420 பேரிடமும் பணம் வாங்கிவிட்டோமே!

குமரேசன்: அறுபது பேருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சரசுவதி: பணம் கூரையில் இருக்கிறது. ஒழுகும் கூரைக்குக் கீழே எதைச் செய்தாலும் வீண் என்று சொன்னவர் தாங்கள்தான். எஞ்சியது, சுண்ணாம்புச் சுவரில் எவரோ சிமெண்டு பூசி ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டதால், அதைப் பெயர்த்து மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசுவதில் கரைந்துவிட்டது.

குமரேசன்: அப்படியானால் எஞ்சிய தகடுகளை நுழைவுச்சீட்டு அறையிலோ கழிவறைக் கதவிலோ பதிக்கலாம்.

சரசுவதி: கழிவறைக் கதவு என்று ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். தம் தந்தையின் நினைவாகக் கொடுத்தவர் அவர். அவர் சொன்ன பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுத முடியாது.

(குமரேசன் பெருமூச்சுடன் அந்த நாற்காலியில், உடலைச் சற்றே திருப்பிச் செருகி அமர்கிறார்.)

குமரேசன்: இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாற்காலியை மாற்றினால் ஒலியும் மாறும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடமொன்றில் எதிரொலியால் பேச்சே விளங்காமல் போக, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் அந்தப் பொறுப்பு வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். ஒரு மனித உடல் ஏறத்தாழ ஆறு மெத்தை அளவுக்கு ஒலியை உறிஞ்சுகிறது என்று தெரியவந்தது.

சரசுவதி: ஆளுக்கு ஆறு மெத்தையா? நாற்காலி கிடைக்காத 60 பேரைச் சுவரோரமாக நிறுத்தினால் 360 மெத்தைக்குச் சமம். புதிய நாற்காலிகளுக்கு மெத்தையே தைக்க வேண்டாம்!

குமரேசன்: விளையாடாதீர்கள், அம்மா. 1996இல் எரிந்துபோன வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கை, இருந்த இடத்தில் இருந்தபடியே மீண்டும் கட்டி 2003இல் திறந்தார்கள். நாமும் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன?

சரசுவதி: அங்கே எரிந்தது அரங்கு. இங்கே எரியப்போவது நன்கொடையாளர்களின் வயிறு.

குமரேசன்: வயிறு எரியாது. அரங்கைப் பழையபடியே விட வேண்டும் என்று குழுவுக்கு ஒரு மனு வந்ததே, அதில் கையெழுத்திட்டவர்களுக்குப் பழைய நாற்காலி, மற்றவர்களுக்குப் புதியது என்று பிரித்துவிடலாம். ஒரு வரிசையைத் தொடாமல் விட்டால் மூன்று பேருக்குக் கூடுதலாக இடம் கிடைக்கும். அந்த மனுவில் எத்தனை கையெழுத்து இருக்கிறது?

சரசுவதி: (புத்தகத்தைப் புரட்டி) 420.

குமரேசன்: அனைவருமா! பிறகு நாற்காலியை அகலப்படுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர்கள் யார்?

சரசுவதி: அதிலும் 420. இரண்டிலும் முதல் கையெழுத்து தங்களுடையது.

(நீண்ட மௌனம். குமரேசன் எழ முயல்கிறார். நாற்காலியும் சேர்ந்து எழுகிறது.)

குமரேசன்: அம்மா, இதைப் பற்றி நாம் நிதானமாகப் பேசலாம். அதற்கு முன்பு இந்தக் கைப்பிடியை மட்டும் சற்றுக் கழற்றிவிடுங்கள்.

சரசுவதி: பழைய மரவேலையில் கை வைக்கக் குழுவின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்று விதி வகுத்தவரே தாங்கள்தான், ஐயா. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.