சொட்டு மருந்துப் பெட்டியும் ஒற்றர் வேலையும்
ஒற்றர் வேலை பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். தொண்டு நிறுவனப் போர்வையில் உளவு பார்ப்பது எல்லா நாடும் செய்வதுதான் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், ஒளிந்திருந்த பின்லேடன் குடும்பத்தின் டிஎன்ஏவுக்காக, டாக்டர் ஷகீல் அஃப்ரிதியை வைத்து ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் நடத்தியது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. தடுப்பூசிக்காரர்கள் மேல் ஒற்றர் என்ற சந்தேகம் விழுந்தது; அடுத்த வருடமே அங்கே போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். இனி தடுப்பூசி முகாமைப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை வாய் திறந்தது 2014-இல்தான்!

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நானும் சொட்டு மருந்துப் பணிக்குப் போயிருக்கிறேன். தோளில் ஐஸ் பெட்டி, குழந்தையின் சுண்டுவிரலில் மை, கதவில் சாக்பீஸ் குறி. வீட்டில் எத்தனை பேர், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்று கேட்டால் மலைச் சனம் ஒளிக்காமல் சொல்லும் (கூடவே காபியும் வரும்). உளவுக்காரனுக்கு வேண்டியதும் அதே விவரம்தானே. அவன் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவான், மறுபடி அதே வாசலில் போய் நிற்க வேண்டியவர் நர்ஸம்மா. அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே சார்?