ரிவர் பிளேட்டும் துறைமுகத்துப் பிள்ளைதான்

அர்ஜென்டினாவின் இரு கால்பந்து கிளப்புகளைப் பற்றிய உங்கள் பதிவில், "ரிவர் பிளேட் பணக்காரர்கள் தொடங்கிய கிளப், போகா ஜூனியர்ஸ் ஏழைகள் தொடங்கியது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இரண்டும் பிறந்தது புவெனஸ் அயர்ஸின் லா போகா துறைமுகப் பேட்டையில்தான். ரிவர் 1901இல், போகா 1905இல். போகாவைத் தொடங்கியவர்கள் இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பையன்கள். இத்தாலியின் ஜெனோவா ஊர்க்காரர்கள் என்று பொருள்படும் 'செனெய்செஸ்' என்ற பட்டப்பெயர் இன்றும் அந்த அணிக்கு இருக்கிறது.

ரிவர் 1923இல் நகரின் வடபகுதிக்குக் குடிபெயர்ந்தது. 'கோடீஸ்வரர்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதற்கும் பிறகு, 1930களின் தொடக்கத்தில்: கார்லோஸ் பெயுசெல்லே, பெர்னாபே ஃபெரெய்ரா போன்ற ஆட்டக்காரர்களைப் பெரும் தொகை கொடுத்து வாங்கியபோது. தொடங்கியவர்களின் செல்வத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

போகாவின் பெருமையைச் சொல்ல இந்த ஏழை-பணக்காரர் கதை தேவையும் இல்லை. அதன் சொந்த அரங்கான லா பொம்போனேராவின் செங்குத்தான படிகளில் ரசிகர்கள் ஒன்றாகக் குதிக்கும்போது காலடியில் கான்கிரீட் அதிர்கிறது. "பொம்போனேரா நடுங்குவதில்லை, துடிக்கிறது" என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். இரு கிளப்புகளையும் எல்லாத் தரப்பு மக்களும் நேசிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.