கில் எடுத்தவருக்கும் ரேட்டிங் குறையத்தான் வேண்டும்

"20 கில் எடுத்தேன், டீம் தோத்துச்சு, எனக்கு ஏன் புள்ளி போகணும்?" ஆன்லைன் கேம்களில் ரேங்க்டு, அதாவது ரேட்டிங் புள்ளிக்காக, ஆடுகிறவர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தப் புலம்பல் கேட்கும். (கில் என்றால் எதிராளியை வீழ்த்துவது.) என்னைக் கேட்டால், புள்ளி போவது சரிதான். கோபப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது.

முதலில் கணக்கு. இன்றைய பெரும்பாலான ரேட்டிங்குகளுக்கு முன்னோடி அர்பாத் எலோ செஸ்ஸுக்காக வகுத்த முறை. 1960இல் அமெரிக்க செஸ் சம்மேளனமும் 1970இல் உலக செஸ் அமைப்பான ஃபிடேவும் அதை எடுத்துக்கொண்டன. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால் பலசாலி 100க்கு 91 புள்ளி எடுப்பார் என்பது அதன் கணிப்பு. கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை ஒரு எண்ணால் பெருக்கினால் வருவதுதான் ஏற்ற இறக்கம். எதிர்பார்த்தபடி ஜெயித்தால் கொஞ்சம் கிடைக்கும், எதிர்பாராமல் தோற்றால் நிறையப் போகும்.

இதை ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மற்ற ஒன்பது பேரையும் விட நீங்கள் 400 புள்ளி மேல் என்று வைப்போம். டீம் சராசரியில் அது வெறும் 80 புள்ளிதான். வெற்றி வாய்ப்பு 91இலிருந்து 61 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. (ஒரே ஆள் ஆட்டத்தையே இழுத்துக்கொண்டு போகக்கூடிய கேம்களில் இது கொஞ்சம் கூடும்.) 61 சதவீத வாய்ப்புள்ளவர் 20 மேட்ச் ஆடினால், பத்தோ அதற்குக் குறைவோ மட்டும் ஜெயிப்பது சுமார் ஐந்தில் ஒரு முறை நடக்கும். அவ்வளவு திறமை இருந்தும்!

கேம் வேண்டுமென்றே நம்மைத் தோற்கிற டீமில் சேர்த்துவிடுகிறது என்னும் "லூசர்ஸ் க்யூ" என்ற சதிக் கதைக்கும் இங்கேதான் பதில். சரிபாதி வாய்ப்புள்ள 100 மேட்சில், தொடர்ந்து ஐந்து தோல்வி ஒருமுறையாவது வருவதற்குச் சுமார் 80 சதவீத வாய்ப்பு உண்டு. யாரும் திட்டமிட வேண்டியதில்லை. அதோடு, சமபலம் உள்ளவர்களை எதிரெதிரே சேர்க்கும் மேட்ச்மேக்கிங் சரியாக வேலை செய்தால் எல்லோருடைய வெற்றி விகிதமும் 50ஐ ஒட்டித்தான் போய் நிற்கும். அதுதான் அதன் வேலையே.

ஒரு டீம் மேட்ச் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும் என்பதை மைக்ரோசாஃப்டின் ட்ரூஸ்கில் என்ற ரேட்டிங் முறை வெளிப்படையாகவே கணக்கில் எடுக்கிறது. தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: திறமை மதிப்பீடான மியூ 25, அதன்மேல் உள்ள சந்தேகமான சிக்மா 8.33. டிரா கிடையாது என்று வைத்து, புதியவர்கள் ஒண்டிக்கு ஒண்டி ஆடினால் ஜெயித்தவர் 29.2க்குப் போவார், சந்தேகம் 7.19 ஆகும். அதே புதியவர்கள் ஐந்துக்கு ஐந்து ஆடினால் 26.9தான், சந்தேகமோ 8.12. பத்துப் பேர் ஆடிய மேட்ச் உங்களைப் பற்றிச் சொல்லும் சேதி அவ்வளவு குறைவு. ஒருவரின் இடத்தைக் கண்டுபிடிக்க ஒண்டிக்கு ஒண்டியில் 12 ஆட்டம் போதும், நாலுக்கு நாலில் 46, எட்டுக்கு எட்டில் 91 வேண்டும் என்பது ட்ரூஸ்கில் குழுவே தந்த கணக்கு.

அப்படியானால் எத்தனை கில், எத்தனை முறை செத்தார் என்பதையெல்லாம் சேர்த்து வேகப்படுத்தலாமே என்பீர்கள். 2018இல் வந்த ட்ரூஸ்கில் 2 அதைத்தான் செய்தது. ஆரம்ப மேட்ச்களில், சிக்மா பெரிதாக இருக்கும்போது, அது நல்ல யோசனை. ஸ்மர்ஃப்பையும் (திறமையை மறைத்துப் புதுக் கணக்கில் ஆடுபவர்) சீக்கிரம் மேலே தள்ளிவிடும். நிரந்தரமாக வைத்தால்தான் வினை. புள்ளி எதற்குக் கிடைக்கிறதோ அதற்காகத்தான் ஆள் ஆடுவான். ஜெயிக்கத் தேவையான அப்ஜெக்டிவை (இலக்கை) விட்டுவிட்டு கில்லைத் துரத்துவான், தோற்கிற மேட்சில் ஒதுங்கி நின்று எண்ணிக்கையைக் காப்பாற்றுவான். டீமுக்கு உதவி செய்யும் சப்போர்ட் ஆட்டக்காரர் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றதை எந்த ஸ்கோர்போர்டு எண்ணும்? ஓவர்வாட்ச் என்ற டீம் ஷூட்டர் கேம் 2018இல் டைமண்ட் என்ற உயர் ரேங்கிலும் அதற்கு மேலும் இந்தத் தனிநபர்க் கணக்கைக் கைவிட்டது நியாயமான முடிவு.

சரி, கோபம் எங்கே போக வேண்டும்? உண்மையான ரேட்டிங்கையும் சிக்மாவையும் ஒளித்துவைப்பதில். பல கேம்களில் திரையில் தெரியும் ரேங்க் ஒன்று, உள்ளே ஓடும் எம்எம்ஆர் (மேட்ச் சேர்க்கப் பயன்படும் ரேட்டிங்) இன்னொன்று. ஜெயித்தால் +15, தோற்றால் -25 என்று தொடர்ந்து வந்தால், பெரும்பாலும் அதற்கு அர்த்தம் எம்எம்ஆர் உங்கள் ரேங்குக்குக் கீழே இருக்கிறது, ரேங்கை அங்கே இழுக்கிறார்கள் என்பதுதான். அதை வாய்திறந்து சொல்வதில்லை, நீங்களும் டீம்மேட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். டோட்டா 2 என்ற ஐந்துக்கு ஐந்து கேம் 2023இல், சந்தேகத்தையும் கணக்கில் எடுக்கும் கிளிக்கோ என்ற ரேட்டிங் முறைக்கு மாறியபோது ரேங்க் நம்பகத்தன்மையைச் சதவீதமாகவே காட்டத் தொடங்கியது. 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ரேங்கைக் காட்டும் மெடலே தெரியாது, நீண்ட நாள் ஆடாவிட்டால் சதவீதம் இறங்கும். மற்றவர்களுக்கு இதைச் செய்ய என்ன தடை?

அதுவரை நீங்களே கணக்குப் போடலாம். 100 மேட்சுக்குக் குறைவான வெற்றி விகிதத்தைப் பார்க்காதீர்கள். 100 ஆடினாலும் சரிபாதி வாய்ப்புள்ள ஆட்டக்காரரின் வெற்றி விகிதம் 40 முதல் 60 வரை எங்கும் இருக்கலாம். தனியாக ஆடியதையும் பார்ட்டியாக (நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து) ஆடியதையும் பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் சேர்ந்து பேசி ஆடும் ஐவர் அதே ரேட்டிங் உள்ள முகம் தெரியாத ஐவரைவிட வலுவானவர்கள். கேமை மாற்றும் பெரிய பேட்ச் (புதுப்பிப்பு) வந்தால் எண்ணிக்கையை மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள்.