ஜவகர் சிறுவர் மன்றம் பத்தியும் எழுதுங்க

ஓவிய கிளாஸெல்லாம் வசதியானவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, தனியார் கிளாஸ் ஃபீஸ பாத்தா சரிதான், ஆனா நம்ம தமிழ்நாடு அரசோட கலை பண்பாட்டுத் துறை நடத்துற ஜவகர் சிறுவர் மன்றத்த எப்படி விட்டீங்கன்னு தெரியல. 5 வயசுலருந்து 16 வயசு வரைக்கும் சேரலாம், சனி ஞாயிறுல ஓவியம், பாட்டு, பரதம்னு சொல்லித்தராங்க, ஃபீஸும் ரொம்ப கம்மி. எங்க ஊர்ல ஆட்டோக்காரர் பொண்ணும் டாக்டர் பையனும் ஒரே பாய்ல உக்காந்து ஒரே க்ரேயான் டப்பாவுக்கு அடிச்சுக்குவாங்க, மாஸ்டர் மாம்பழத்துக்கு மஞ்சள் மேல லேசா ஆரஞ்ச வச்சு விரலால இழுத்துக் காட்டினாதான் சண்டை நிக்கும் 😀 வெளிய காத்திருக்கற அம்மாங்க அதுக்குள்ள தனி செட்டே சேந்துட்டாங்க, பழைய புக்கு, யூனிஃபார்ம்னு கைமாறுது. ஸ்கூல்ல டிராயிங் பீரியட் வந்தா மேத்ஸ் டீச்சர் வாங்கிக்கறாங்க, அரசுப் பள்ளிகள்ல 2012ல எடுத்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை வருஷமா போராடறாங்க. முதல்ல அத எழுதுங்க சார்.